கைக்கு அடங்கும் கோழி, கீரிக்கு அடங்காத கோழி

2020 ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது என் மகளுக்கு ஆறு வயது. "மடியில வச்சுத் தடவ ஒரு கோழி வேணும்" என்று பிடிவாதம். அம்மாவுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு. அவளுக்குக் கோழி என்றால் காலையில் திறந்துவிட வேண்டும், சாயங்காலம் தானாக வந்து அடைய வேண்டும், நடுவில் அதன் முகத்தைப் பார்க்கும் அவசியமே கிடையாது. "தடவதுக்குத்தான் வீட்டுல பூனை கெடக்கே மக்களே" என்றாள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வேர்க்கிளம்பிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டோடு சேர்த்து 14 சென்ட் விளை. நாலு தென்னை, ஒரு பலா, கொஞ்சம் மட்டி வாழை, ஓரத்தில் மரச்சீனி, அதாவது மரவள்ளி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம். கீரியும் மரநாயும் அங்கிருந்துதான் வரும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது சாய்ந்த அயனிமரத்தின் பலகை மூன்று வருடமாகத் திண்ணையில் சாத்திக் கிடந்தது. அண்ணன் அதில் ஒரு கூடு அடித்துக் கொடுத்தான். பலகை என்னவோ இரும்பு மாதிரி. வலைதான் பெட்டிக்கடையில் கிடைத்த மெல்லிய அறுகோணக் கம்பிவலை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

முதலில் வாங்கியது சில்கி. பேன்சி கோழி வளர்க்கும் ஒருவரிடம் வெள்ளையில் இரண்டு ஜோடி. கூடவே, தலையில் பூக்குடலையைக் கவிழ்த்தது போல இறகு வைத்த போலிஷ் ஒரு ஜோடி. சில்கி சாது என்று அவர் சொன்னதில் துளி பொய் இல்லை. ஐந்து விரல், கறுத்த தோல், பஞ்சு போல ரோமம். கோழி என்பதைவிட முயல் என்று சொல்லலாம். மகள் மடியில் வைத்துக் கொண்டால் கண்ணைச் சொருகிக்கொண்டு அப்படியே கிடக்கும். ஊரடங்கில் ஊரே எங்கள் திண்ணைக்கு வந்து எட்டி நின்று வேடிக்கை பார்த்தது.

ஆனி பிறந்தது. எங்கள் பக்கத்து மழையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த ஜில்லாவுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனி ஆடியில் ஒரு பாடு, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு பாடு. சாதாரணக் கோழியின் இறகில் இழையோடு இழையைக் கோத்துப் பிடிக்கும் நுண்ணிய கொக்கிகள் உண்டு. சில்கிக்கு அது கிடையாது. அதனால்தான் பஞ்சாக இருக்கிறது. அதே காரணத்தால் மழைத் தண்ணீர் வழிந்து ஓடாமல் தோல் வரை இறங்கிவிடுகிறது. நாட்டுக்கோழி நனைந்தால் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துவிட்டு வாழை மூட்டில் ஒதுங்கும். சில்கி முற்றத்து நடுவில் நின்ற இடத்திலேயே நிற்கும், தரை துடைத்துச் சாத்தி வைத்த துணி மாதிரி. நானும் மகளும் துண்டால் துவட்டி, அடுப்பு மூட்டில் வைத்துக் காயவைத்து, மறுநாள் மறுபடியும் துவட்டி... ஒரு பெட்டை மூன்றாம் நாள் விறைத்துக் கிடந்தது.

போலிஷுக்கு வேறு கதை. தலையிறகு கண்ணை மறைக்கிறது. மேலே என்ன பறக்கிறது, பக்கவாட்டில் என்ன ஊர்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு மத்தியானம் பதினொரு மணி இருக்கும், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கீரி வந்ததை நான் பார்த்தேன், அம்மா பார்த்தாள், பலாமரத்தில் இருந்த காக்கை பார்த்துக் கத்தியது. போலிஷ் மட்டும் பார்க்கவில்லை. (அந்த இறகைக் கண் தெரியும்படி கத்தரித்துவிடலாம் என்று பிறகு தெரிந்தது. கத்தரித்தால் அது போலிஷ் மாதிரியே இருக்காது, அது வேறு விஷயம்.)

மிச்சமிருந்த சில்கிகளைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டேன். தார்ப்பாய் போட்ட மாடியில் வளர்க்கிறவர் அவர். அங்கே இன்னும் நன்றாக இருக்கின்றன. எனக்கு அதில் புரிந்தது ஒன்றுதான். சாது என்று ஒருவர் சொன்னால், யாரிடம் சாது என்று கேட்க வேண்டும். மனுஷனைக் கண்டு பயப்படாத கோழியில் பாதி, கீரியைக் கண்டும் பயப்படுவதில்லை. குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேண்டியது நம் கைக்கு அடங்கி, பருந்து நிழலைக் கண்டால் பத்தடி பாயும் கோழி. அப்படி ஒன்று உண்டா என்று தேட ஆரம்பித்ததுதான் அடுத்த மூன்று வருடம்.

அம்மாவின் தீர்ப்பு சிறுவிடை. குள்ளமான, சுறுசுறுப்பான நம்மூர் நாட்டுக்கோழி. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும், குஞ்சு பொரிக்கும், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். பருந்து வட்டமிட்டால் தாய் ஒரு குரல் கொடுக்கும். அடுத்த நொடி குஞ்சு ஒன்றுகூடக் கண்ணில் படாது. அந்தக் குரலைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆனால் வளர்ந்த சிறுவிடையை வாங்கி வந்து பழக்குவது நடக்காத காரியம். மார்த்தாண்டம் சந்தையில் வாங்கிய இரண்டு பெட்டையும் ஆறு மாதம் எங்கள் சோற்றைத் தின்றன. ஆறாம் மாதக் கடைசியிலும் என்னைக் கண்டால் தென்னை மரத்தில் ஏறப் பார்த்தன. அவற்றின் குஞ்சுகளைத்தான் பழக்க முடிந்தது.

பழக்கும் விதத்தை மகள்தான் கண்டுபிடித்தாள் என்று சொல்ல வேண்டும். நான் குஞ்சைத் தூக்க மேலிருந்து கையைக் கொண்டு போவேன். அவை சிதறி ஓடும். அவள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, உள்ளங்கையை மண்ணோடு மண்ணாகப் பரப்பி, அதில் ரெண்டு கரையான் போட்டுவைத்துச் சும்மா கிடப்பாள். குஞ்சுக்கு மேலிருந்து வருவதெல்லாம் பருந்து. கீழே கிடப்பது இரை போடும் இடம். இதுதான் மொத்தச் சூட்சுமம். பொரித்து முதல் இரண்டு மூன்று வாரம், நாளைக்கு ரெண்டு வேளை, பத்து நிமிஷம். தாய்க்கோழி முதல் நாள் கொத்தும், நாலாம் நாள் விட்டுவிடும். பெரிய கோழியைப் பிடிப்பதென்றால் இருட்டிய பிறகு கூட்டில் இருந்து எடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அமைதியாக இருக்கும். பகலில் விரட்டிப் பிடித்த கோழி அந்த விரட்டலை மறக்கவே மறக்காது.

கரையானுக்கு அம்மாவின் பழைய வழி: உடைந்த மண்பானையில் காய்ந்த தேங்காய்த் தொண்டு, கிழிந்த சாக்கு, கொஞ்சம் சாணி போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைக்க வேண்டும். விடியும்போது பானை நிறைய வந்திருக்கும். குஞ்சுக்கு அதைவிடப் பெரிய தீனி கிடையாது. மழை விடாமல் பெய்யும் நாளில் வராது.

ரப்பர் பால்வெட்டுக்கு வரும் அண்ணன் ஒருவர் எங்கள் பாட்டைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, கழுத்துல முடி இல்லாத கோழி வளத்துப் பாரு. காணதுக்குக் கொள்ளாது. ஆனா ஆளு பாவம் கேட்டியா" என்று எட்டு முட்டை கொண்டுவந்து தந்தார். கழுத்தில் இறகே இல்லாமல், சிவந்த தோலோடு, கழுகுக் குஞ்சு மாதிரி இருக்கும் அந்தக் கோழியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிராப்புக் கோழி, கழுகுக் கோழி என்று வேறு பெயர்களும் உண்டு. நம் நாட்டில் அந்த இனத்துக்குத் திருவனந்தபுரம் பக்கம்தான் சொந்த ஊர் என்று புத்தகங்களிலும் எழுதியிருக்கிறது. நமக்கு அடுத்த வீடு. உடம்பிலும் இறகு குறைவு, அதனால் புழுக்கத்தைத் தாங்கும். நனைந்தாலும் சீக்கிரம் காயும். பங்குனி சித்திரையில் மற்ற கோழிகள் சிறகை விரித்து வாயைப் பிளந்து கிடக்கும்போது இது பாட்டுக்கு மேயும்.

எட்டில் ஆறு பொரித்தன. அந்த ஆறில் ஒன்றுதான் இன்றும் எங்கள் வீட்டு ராணி. மகள் வைத்த பெயர் சிவப்பி. அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவும்போது வந்து முழங்காலை ஒரு கொத்துக் கொத்தும். அம்மா சேலைத் தலைப்பை ஒதுக்குவாள். ஏறி மடியில் உட்கார்ந்துவிடும். அந்த வெற்றுக் கழுத்தை விரலால் வருடினால் தோல் வெதுவெதுவென்று இருக்கும், கீழே தொண்டைக்குள் ஏதோ உருண்டு போவது தெரியும். கண்ணிமை கீழிருந்து மேலே ஏறி மூடும். கோழிக்கு அப்படித்தான் கண் மூடும் என்பதே எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. தடவுவதற்குப் பூனை இருக்கிறது என்று சொன்ன அம்மாவுக்கு இப்போது முட்டுவலிக்கு மருந்தே சிவப்பிதான் என்று மைனி, அண்ணன் மனைவி, கேலி செய்கிறாள்.

இதே சிவப்பி, ரப்பர் தோட்டத்துப் பக்கம் சருகு அசைந்தால் மடியிலிருந்து பறந்து கூட்டு முகட்டில் போய் நிற்கும். எனக்கு அதுதான் பிடித்தது.

முட்டை முக்கியம் என்பவர்களுக்கு இன்னொரு கோழி இருக்கிறது. பிவி 380 என்ற பெயரில் விற்கும் பழுப்புக் கோழி. நாலரை மாத வயதில் மூன்று வாங்கினோம். சாதுத்தனத்தில் சில்கிக்கு அடுத்தது இதுதான். கால் வைக்க விடாது, காலுக்குள்ளேயே நடக்கும். மகள் கையை நீட்டினால் அப்படியே சிறகை லேசாக விரித்துத் தரையில் பம்மும். "பாரும்மா, என்னத் தூக்குன்னு சொல்லுது" என்பாள். உண்மை என்னவென்றால் முட்டையிடும் பருவம் வந்த பெட்டை, சேவல் மிதிக்க வரும்போது பம்முவது போலத்தான் நம் கைக்கும் பம்முகிறது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. முட்டை இடப்போகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம் என்று மட்டும் சொன்னேன். பத்து நாளில் முதல் முட்டை வந்தது.

கம்பெனித் தீவனம் சரியாகப் போட்டால் அது வருடத்துக்கு 280 முட்டைக்கு மேல் இடும். எங்கள் வீட்டில் தவிடும் சோறும் கீரையும் கலந்து போட்டதில் வாரத்துக்கு ஐந்து. சிறுவிடை வருடம் முழுக்க இட்டாலும் 60, 80-தான். ஆனால் பழுப்புக்கோழி அடைக்கு உட்காராது. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் தோல்முட்டை இடும்; கிளிஞ்சல் தூளை ஒரு சிரட்டையில் தனியாக வைத்துவிட்டால் வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். மூன்றாம் வருடம் முட்டை நின்றேவிட்டது. அப்புறம், மரநாய். ஒரே இரவில் மூன்றில் இரண்டு. அந்த மெல்லிய அறுகோண வலையை மரநாய் பல்லால் பிரித்து உள்ளே புகுந்திருக்கிறது. சிறுவிடைகளும் சிவப்பியும் மேல் கம்பில் ஏறித் தப்பிவிட்டன. பழுப்பு ரெண்டும் தரையிலேயே அடைகிற பழக்கம், படுத்த இடத்திலேயே போய்விட்டன.

அன்றைக்கே அரை இஞ்ச் வெல்டு மெஷ் வாங்கி அடித்தோம். கூட்டுக்குக் கீழேயும் ஒரு அடிக்கு மண்ணைத் தோண்டி வலையை மடக்கிப் புதைத்தோம். இனத்தைத் தேர்ந்தெடுக்கச் செலவழித்த யோசனையில் பாதியை வலைக்குச் செலவழித்திருக்கலாம். அண்ணன் இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுவான். வலை வாங்கியது நான்.

கடக்நாத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கோழி, 2018-ல் புவிசார் குறியீடு வாங்கியது. மழை, வெயில், நோய் எல்லாவற்றையும் தாங்கும். எங்களிடம் வந்த நாலில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. எங்கே நின்றாலும் சுவர் மேல் நிற்கும். கறிக்கும் விற்பனைக்கும் வளர்ப்பவர்களுக்குச் சரி.

அசீல் என்கிற சண்டைக்கோழி இதற்கு நேர் எதிர். சண்டைக்காகவே வளர்த்த இனம். தன் ஆளிடம் பூனை மாதிரி இருக்கும். தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு அசீல் கண்ணில் பட்டால் மட்டும் ரத்தம் பார்க்காமல் விடாது, பெட்டையும் அப்படித்தான். ஒன்றே ஒன்று வளர்க்கிறவருக்கு ஆகும். எங்களைப் போலக் கலந்து வளர்க்கிற வீட்டுக்கு ஆகாது.

இனம் எதுவானாலும் சேவல் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம் அது. சிவப்பியோடு பொரித்த ஒரு சேவல் குஞ்சை மகள் கையிலேயே வைத்து வளர்த்தாள். தோளில் ஏறும், தட்டில் சாப்பிடும். ஏழாம் மாதம் ஒரு நாள் அவள் முற்றம் பெருக்கும்போது பின்னாலிருந்து பாய்ந்து முழங்காலுக்குக் கீழே கால்முள்ளால் கிழித்துவிட்டது. பெட்டைக்குப் பயம் போனால் நமக்குப் பிள்ளை. சேவலுக்குப் பயம் போனால் நாம் அதற்கு இன்னொரு சேவல், அவ்வளவுதான். சேவல் குஞ்சு என்று தெரிந்த நாளிலிருந்து அதற்கு இரை மட்டும் போடுங்கள், கொஞ்சாதீர்கள். நம்மைக் கண்டால் ரெண்டு அடி ஒதுங்கிப் போகிற சேவல்தான் நல்ல சேவல். எங்களுடையது அந்தக் கிறிஸ்துமஸைத் தாண்டவில்லை. மகள் அந்தக் குழம்பைத் தொடவில்லை.

இனி தாரா. வெளியூரில் வாத்து என்பார்கள், எங்களுக்குத் தாரா. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற ரெண்டு போக நெல் அறுப்பு முடிந்த வயலில் நூற்றுக்கணக்கில் இறக்கி மேய்க்கிறார்களே, அதில் பெரும்பாலும் குட்டநாட்டுத் தாரா. கறுப்பும் சாம்பலுமாக இருப்பது சாரா, செம்பழுப்பாக இருப்பது செம்பல்லி. கூட்டமாக நாள் முழுக்க நடப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பழகிய இனம். இவற்றின் குஞ்சு ஒன்பது, பைக்கில் கூடை வைத்து விற்க வந்தவரிடம் வாங்கினோம். மூன்று நாள் வயது. மகள் குளியலறைக்குப் போனால் வாசலில் ஒன்பதும் வரிசையாக நிற்கும். பொரித்து வெளியே வந்ததும் முதலில் காணும் அசைகிற உருவத்தைத் தாயென்று வாத்தினக் குஞ்சு பற்றிக்கொள்வதை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸுக்கு 1973-ல் நோபல் பரிசே கிடைத்தது. எங்கள் குஞ்சுகள் அந்த நேரத்தைத் தாண்டித்தான் வந்திருக்கும். ஆனாலும் தாய் இல்லாத இடத்தில் அவள்தான் தாய்.

அந்த ஒன்பதில் ஆறு, நாலே நாளில் செத்தன.

கால் தள்ளாடியது, பிறகு கழுத்து பின்பக்கமாக முறுக்கிக்கொண்டது. கால்நடை மருந்தகத்தில் டாக்டரம்மா ஒன்றை அறுத்துப் பார்த்தார். கல்லீரல் வெளுத்து வீங்கி இருந்தது. "என்ன போட்டீங்க?" என்றார். கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்துப் போட்டதைச் சொன்னேன். வீட்டில் மிச்சம் இருந்ததைக் கொண்டுவரச் சொன்னார். மழைக்காலம், சாக்கின் அடியில் பச்சையாகப் பூசணம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பூசணத்தின் விஷத்துக்கு அஃப்லடாக்சின் என்று பெயர். கோழி ஓரளவு தாங்கும், தாராக் குஞ்சு கொஞ்சம்கூடத் தாங்காது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த விஷத்தையே கண்டுபிடித்தார்களாம். அங்கேயும் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குதான், அங்கேயும் தாராக் குஞ்சுகள் செத்தன. வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் பூசணம்தான் போகும், விஷம் போகாது. இப்போது பிண்ணாக்கோ மக்காச்சோளமோ பத்து நாளைக்கு மேல் வாங்கி வைப்பதில்லை. வாங்கியதும் பலகை மேல், சுவரில் படாமல். மூக்கில் வைத்து மோந்து பார்ப்பேன். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வாழை மூட்டுக்கு.

மிச்சம் மூன்றுக்குக் கோழிக்குஞ்சுத் தீவனம் போட்டதில் ஒன்றின் கால் வளைந்தது. தாராக் குஞ்சுக்கு நயாசின் என்ற வைட்டமின் கோழிக்குஞ்சைவிட அதிகம் வேண்டுமாம். டாக்டரம்மா கொடுத்த பி காம்ப்ளெக்ஸைத் தண்ணீரில் கலந்து பத்து நாள் கொடுத்ததும் நிமிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு, மீன் வாங்கும் நாளில் சாளைத் தலையை வேகவைத்து நுணுக்கிக் கொஞ்சம் சேர்ப்போம். நிறையப் போட்டால் முட்டையில் மீன் வாடை வரும், வீட்டில் சண்டை வரும்.

தாராவிடம் கோழியைப் போல மடிப்பாசம் எதிர்பார்க்கக் கூடாது. கூப்பிட்டால் ஓடி வரும், பின்னாலேயே நடக்கும், ராத்திரி யாராவது வீட்டுக்கு வந்தால் குரல் கொடுக்கும். தூக்கினால் பிடிக்காது. கூட்டத்தில் நம்மையும் ஒரு தாராவாகச் சேர்த்துக்கொள்ளும், அதுதான் அதன் பாசம். அதனால் ஒற்றைத் தாரா வளர்க்காதீர்கள். தனியாக விட்டால் கத்திக் கத்தியே ஊரைக் கூட்டும். காக்கி கேம்ப்பெல் என்ற இங்கிலாந்துத் தாரா வருடத்துக்கு 250 முட்டைக்கு மேல் இடும், ஆனால் படபடப்பு. குடை விரித்தால் கூட்டமே மூலையில் போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். குட்டநாட்டுத் தாரா அதைவிட நிதானம். எதுவானாலும் சத்தம் போடுவது பெட்டைதான். ஆணுக்கு அடைத்த குரல், வாலில் ஒரு இறகு மேலே சுருண்டிருக்கும். பக்கத்து வீடு நெருக்கமாக உள்ளவர்கள் வாங்குமுன் யோசியுங்கள்.

ஆண் தாராவைக் கோழிகளோடு ஒரே கூட்டில் அடைக்கக் கூடாது. பெட்டைத் தாரா போதாவிட்டால் அது பெட்டைக்கோழியை மிதிக்கப் பார்க்கும். தாராவுக்கு ஆண்குறி உண்டு, சேவலுக்குக் கிடையாது. கோழிக்கு உள்ளே காயம் பட்டுச் செத்தே போகும். ஒரு ஆணுக்கு ஐந்தாறு பெட்டை என்பது கணக்கு. அது மட்டுமில்லை, தாரா இருக்கிற இடம் எப்போதும் ஈரம். அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் வரும். பகலில் ஒன்றாக மேயட்டும், ராத்திரிக்குத் தனித்தனி. தாராவுக்குக் குளம் வேண்டும் என்பதில்லை. மூக்கும் கண்ணும் முங்குகிற ஆழத்தில் ஒரு பேசின் போதும். தினமும் அந்தச் சேற்றுத் தண்ணீரை ஒவ்வொரு வாழை மூட்டுக்காக மாற்றி மாற்றி ஊற்றுகிறோம். மட்டிக் குலை கொஞ்சம் கனத்திருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். நான் எடை போட்டுப் பார்க்கவில்லை.

நோய்க்கு ஊசி போடாமல் பழக்கத்தைப் பற்றிப் பேசி லாபமில்லை. வெள்ளைக் கழிச்சல் வந்தால் ரெண்டே நாளில் கூடு காலி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நாலாம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. மருந்துக்குப்பி நூறு கோழிக்கு வரும், திறந்தால் ரெண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுகிறோம். பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்தும், அதை விடுவதில்லை. மடியில் உட்காரப் பழகிய கோழிக்கு ஊசி போடுவது எவ்வளவு சுலபம் என்பதை அந்த நாளில் பார்க்க வேண்டும். சிவப்பி திரும்பிக்கூடப் பார்க்காது. சிறுவிடைகளைப் பிடிக்க இருட்டும் வரை காத்திருக்க வேண்டும்.

கடைசியாக வந்தது மணிலா வாத்து. கருங்கலில் மைனியின் அம்மா வீட்டிலிருந்து ஒரு ஜோடி. பெயர்தான் மணிலா, பூர்வீகம் தென்னமெரிக்கா. முகம் முழுக்கச் சிவப்பு மருக்கள். முதலில் பார்த்தவுடன் மகளே "இது வேண்டாம்மா" என்றாள். இப்போது வருகிறவர்களிடம் அவள் முதலில் காட்டுவது இதைத்தான். கத்தவே கத்தாது, மூச்சு விடுவது போல உஸ் என்று சொல்லும். சந்தோஷம் வந்தால் கொண்டை இறகைத் தூக்கித் தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு வரும், பேசிக்கொண்டே வருகிற ஆள் மாதிரி. மாட்டுத்தொழுவத்தில் ஈ பிடித்துத் தின்னும். நகம் கூர்மை, தூக்கும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள். பெட்டை நன்றாகப் பறக்கும். ஒரு பக்க இறக்கையின் நுனி இறகுகளை மட்டும் கத்தரித்தால் போதும். கீரியிடம் ஆண் பயப்படாது, ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது: நாலு கிலோவுக்கு மேல் எடை.

மணிலாப் பெட்டை இப்போது அடையில் இருக்கிறது. கோழிக்கு 21 நாள், மற்ற தாராவுக்கு 28, இதற்கு 35. பதினொரு முட்டையில் உட்கார்ந்த பதினாலாம் நாள், மகள் சிவப்பியின் முட்டை மூன்றை ராத்திரி மெதுவாக அடியில் தள்ளிவிட்டிருக்கிறாள். முப்பத்தைந்தில் இருபத்தொன்று போனால் பதினாலு, எல்லாம் ஒரே நாளில் பொரிக்கும் என்று அவளுக்குக் கணக்கு. இன்று முப்பத்து மூன்றாம் நாள். "தாரா தண்ணிக்கு எறங்கும்போ கோழிக்குஞ்சு என்ன மக்களே செய்யும்?" என்று காலையில் அம்மா கேட்டாள். மகள் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் கிளம்புமுன் போய்ப் பேசினைக் கவிழ்த்துவிட்டு, தண்ணீருக்கு நாலு சிரட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.